எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கு எந்தப் பயிற்சி: வாக்கிங்கா, யோகாவா, நாற்காலியா?

போன வருடம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. திருப்பரங்குன்றம் போவதற்காக அம்மா டவுன் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். பஸ் வந்ததும் முதல் படியில் வலது காலை வைத்து, கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார். உடம்பு மேலே வரவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிவிட்ட பிறகுதான் ஏற முடிந்ததாம். அடுத்த வெள்ளியிலிருந்து அம்மா கோயிலுக்குப் போகவில்லை. கேட்டால் "வெயிலா இருக்குடா" என்றார். உண்மையான காரணம் ஒரு மாதம் கழித்து என் மனைவியிடம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று 2021-ல் ஆன பிறகு, மதுரையில் அம்மா போகாத கோயில் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு படிக்கட்டுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

எங்களுக்குக் குழப்பம் எங்கே வந்தது என்றால், அம்மா சும்மா இருக்கிறவர் இல்லை. வயது 74. சுகர் இருக்கிறது, பிரஷருக்கு ஒரு மாத்திரை, வலது முட்டியில் தேய்மானம். ஆனாலும் தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடந்துவிடுவார். ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் வரும். தினமும் நடக்கிறவருக்கு ஒரு படி ஏறக் கால் ஏன் வரவில்லை?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டதும் ஆளுக்கொரு தீர்ப்பு வந்தது. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் ட்ரெட்மில் வாங்க உடனே பணம் அனுப்பத் தயார். கோவையில் இருக்கும் அக்கா மனவளக்கலை மன்றத்தில் சேர்த்துவிடச் சொன்னார். அத்தான் ஸ்மார்ட் வாட்ச் என்றார். எதிர்வீட்டுப் பெரியவர் மொட்டை மாடியில் எட்டு வரைந்து அதன் மேல் நடக்கச் சொன்னார். மனைவி பிசியோதெரபி பக்கம். நான் யூடியூப் பக்கம், செலவில்லையே என்று. அடுத்த சில மாதங்களில் இவற்றில் முக்கால்வாசியை ஒரு கை பார்த்துவிட்டோம். அந்த அனுபவத்தையும், வழியில் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து இந்த ஒப்பீடு. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு முடிவு வேறாக இருக்கலாம். அதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என்ன குறை என்று பார்க்க வேண்டும்

நாங்கள் செய்த முதல் நல்ல காரியம், எதையும் வாங்குவதற்கு முன்னால் அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்ததுதான். கைப்பிடி இல்லாத நாற்காலி, 17 அங்குல உயரம், பின்பக்கம் சுவரோடு ஒட்டிப் போட்டது. கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முதியவர்கள் கீழே விழும் அபாயத்தைக் கணிக்க வைத்திருக்கும் சோதனை இது. 70 முதல் 74 வயது வரை பெண்கள் 10-க்குக் கீழே, ஆண்கள் 12-க்குக் கீழே எடுத்தால் கால் பலம் குறைவு என்று கணக்கு. 80-லிருந்து 84 வரை என்றால் பெண்களுக்கு 9, ஆண்களுக்கு 10.

அம்மாவுக்கு எழும்போதெல்லாம் "முருகா" சொல்கிற பழக்கம். அதனால் எண்ணுவது சுலபமாக இருந்தது. ஏழு முருகா. எட்டாவதற்குக் கை தானாகவே மார்பிலிருந்து இறங்கி நாற்காலி விளிம்பைப் பிடித்துவிட்டது.

இன்னொரு சோதனையும் உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது? 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்பார்கள். அம்மாவுக்கு 14. நடப்பதில் நேரம் போகவில்லை. எழுவதிலும் திரும்புவதிலும்தான் போனது.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அம்மாவுக்கு மூச்சுப் பிரச்சினை இல்லை, நடைப் பிரச்சினையும் இல்லை. தொடையில் பலம் இல்லை, தடுமாறாமல் உடம்பைச் சமாளிக்கும் நிதானம் (பேலன்ஸ்) குறைந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை தரையிலிருந்து எழுந்திருப்பார்! ஆட்டுக்கல், அருவாமணை, வாசல் கோலம், பந்திச் சாப்பாடு, கழிப்பறை என்று எல்லாமே குந்தி எழுகிற வேலை. முட்டி வலி வந்ததும் ஒவ்வொன்றாக மேலே ஏற்றிவிட்டோம். கிரைண்டர் மேடைக்குப் போனது, சாப்பாடு டேபிளுக்குப் போனது, கழிப்பறை வெஸ்டர்ன் ஆனது. எல்லாம் பாசத்தில் செய்ததுதான். அதோடு தொடைக்கு வேலையும் போய்விட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை மூன்றாகப் பிரிக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. மூன்று நாளாவது உடல் நிதானத்துக்கும் பலத்துக்கும் சேர்த்து ஒரு பயிற்சி. நம் ஊரில் டாக்டர் "எக்ஸர்சைஸ் பண்ணுங்க" என்றால் முதலாவது மட்டும்தான் காதில் விழுகிறது.

ஆக, ஒவ்வொரு வழியையும் நான் எடைபோட்ட கேள்விகள் இவை: தொடைக்கு வேலை கொடுக்கிறதா, நாலாவது மாதத்திலும் அம்மா இதைச் செய்துகொண்டிருப்பாரா, ஏதாவது தவறினால் என்ன ஆகும், என்ன செலவு.

வாக்கிங்: விட வேண்டாம், ஆனால் இது மட்டும் போதாது

நடையைக் குறை சொன்னால் மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் குறை சொல்லவில்லை. இதயத்துக்கும் சுகருக்கும் தூக்கத்துக்கும் நடையைப் போலச் செலவில்லாத மருந்து இல்லை. 10,000 அடி கணக்கைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை. அந்த எண் ஆராய்ச்சியில் பிறந்ததே இல்லை. 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயரிலிருந்து வந்தது. சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களை வைத்துச் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500-ஐத் தாண்டியதும் அதற்கு மேல் பெரிய லாபம் தெரியவில்லை. தெப்பக்குளத்தை இரண்டு சுற்று நடந்து, வீட்டு வேலையும் பார்க்கிறவர் 4,400-ஐச் சுலபமாகத் தாண்டிவிடுவார்.

ஆனால் கீழே விழாமல் இருப்பதற்கு நடை எவ்வளவு உதவும்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019-ல் 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடல் நிதானத்துக்கும் அன்றாட அசைவுகளுக்குமான பயிற்சிகள் விழுவதை 24 சதவீதம் குறைத்தன. அதோடு பலப் பயிற்சியும் சேர்ந்தபோது ஏறத்தாழ 34 சதவீதம். நடையை மட்டும் வைத்துப் பார்த்தால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. சமதரையில் நடப்பதற்குத் தொடையின் முழுப் பலமும் தேவைப்படுவதில்லை. அம்மா பல வருடம் நடந்தும் பஸ் படி ஏற முடியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

தமிழக அரசு 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டி 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. அறுபது வயதில் திடமாக இருப்பவருக்கு நல்ல ஏற்பாடு. அம்மாவுக்கு 8 கிலோமீட்டர் என்பது வேறு உலகம்.

எட்டு நடைக்கு வருகிறேன். எதிர்வீட்டுப் பெரியவர் சொல்வதைப் பார்த்தால் அது தீர்க்காத நோயே இல்லை. அவ்வளவையும் நான் நம்பவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அது நேர் நடையைவிட மேல்: திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெரியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் திரும்பும்போதுதான். மாடிக்கு ஏறவே சிரமப்படுகிறவரை மொட்டை மாடிக்கு அனுப்ப மனமில்லாமல், ஹாலில் இரண்டு ஸ்டூல் போட்டு அதைச் சுற்றி நடக்க வைத்தோம். அம்மாவுக்கு இரண்டு நாளில் அலுத்துவிட்டது. "செக்கு மாடு மாதிரி இருக்கு" என்றார்.

தெப்பக்குளம் அலுக்காததற்குக் காரணம் இருக்கிறது. நாலு பேர் கூட்டு. ஒரு சுற்று முடிந்ததும் கல்படியில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேச்சு. மருமகள்கள் பற்றி என்று நினைக்கிறேன், நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் அம்மா அஞ்சரை மணிக்கு எழுந்திருக்கிறார். எந்தப் பயிற்சியைச் சேர்த்தாலும் இதைக் கெடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம்.

நடக்க அனுப்பும்போது சில காரியங்களில் கவனம் வேண்டும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் போகக் கூடாது. பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். கால் மரத்துப்போகிற ஆளாக இருந்தால் ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ள செருப்போ ஷூவோ போடட்டும். அப்புறம், தெருநாய். ஒரு குடையோ கம்போ கையில் இருந்தால் நாய்க்கும் ஆகும், தடுமாறினால் ஊன்றவும் ஆகும்.

காசு கொடுத்து வாங்குகிற சாமான்கள்

ட்ரெட்மில் பற்றி அண்ணனிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: 74 வயதில் புதிதாக ஓடுகிற பட்டையில் ஏற்றாதீர்கள். பழக்கம் உள்ளவர் என்றால் வேறு கதை. தெருவில் நடந்தால் தடுமாறும்போது நாம் நின்றுவிடலாம், அந்தப் பட்டை நிற்காது. அதுவும் தருவது நடையைத்தான், பேச்சுத் துணை இல்லாத நடை.

உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் பரவாயில்லை. முட்டியில் உடம்பின் பாரம் இறங்காது, விழுகிற பயமும் குறைவு. மழைக்காலத்துக்கும், வெளியே போகவே முடியாதவர்களுக்கும் நல்லது. ஏறி இறங்கும் சைக்கிளைவிட, நாற்காலிக்கு முன்னால் போட்டு மிதிக்கும் சின்ன பெடல் கருவி மலிவு. ஆனால் எழுந்து நிற்கும் பலத்தை அது பெரிதாகக் கூட்டாது.

ஸ்மார்ட் வாட்ச் அம்மா மாதிரி ஆளுக்கு வேண்டாம். தனியாக இருக்கும் அப்பாவுக்கு என்றால், விழுந்தால் பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். அடி எண்ணுவதற்கு போனே போதும்.

பூங்காக்களில் மாநகராட்சி வைத்திருக்கும் இரும்புக் கருவிகளில் சாய்ந்து உட்கார்ந்து காலால் தள்ளுவது நல்ல கருவி, தொடைக்கு நேரான வேலை. இரண்டு மிதியிலும் ஏறி நின்று ஆடுவதிலிருந்து இறங்கும்போதுதான் ஆபத்து. பாதிக் கருவிகளில் போல்ட் ஆடுகிறது, வெயில் ஏறினால் கம்பியைத் தொட முடியாது. துணைக்கு ஆள் இருந்தால் பாருங்கள்.

மனவளக்கலையும் யோகாவும்

அக்கா சொன்னதை நாங்கள் சீரியஸாகவே எடுத்துக்கொண்டோம். வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சி தமிழ்நாட்டில் வயதானவர்களிடம் பரவியிருக்கும் அளவுக்கு வேறு எதுவும் பரவியிருக்குமா என்று சந்தேகம். சின்ன ஊரில்கூட ஒரு மன்றம் இருக்கும். கட்டணம் பெரிதாக இருக்காது. கைப்பயிற்சியில் தொடங்கி கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், தளர்த்தல் என்று வரிசை இருப்பதால் ஒருமுறை மனப்பாடமாகிவிட்டால் டீச்சர் தேவையில்லை.

அம்மா மூன்று வாரம் போனார். தோள் இலகுவானது, உறக்கம் நன்றாக வந்தது. இரண்டு புதுச் சிநேகிதிகளும் கிடைத்தார்கள். சிக்கல் மகராசனத்தில் வந்தது. அதற்குப் பாயில் படுக்க வேண்டும். படுப்பது பிரச்சினை இல்லை, எழுவதுதான். முதல் நாள் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளிலிருந்து டீச்சர் பெருந்தன்மையாக நாற்காலி கொடுத்துவிட்டார், நாற்காலியில் உட்கார்ந்தே முடிந்ததைச் செய்யலாம் என்று. அன்போடுதான் கொடுத்தார். ஆனால் பாதிப் பயிற்சி போய்விட்டது, எங்களுக்கு எது வேண்டுமோ அந்தப் பாதி.

யோகாவில் பலம் அதிகரிக்காது என்று சொல்ல வரவில்லை. சுவரில் ஒரு கை வைத்து, ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் செய்வது அருமையான நிதானப் பயிற்சி. தரையில் உட்கார்ந்து எழ முடிகிறவருக்கு, அப்படி எழுவதே ஒரு பயிற்சி. அறுபதிலேயே சேர்ந்துவிட்டால் எழுபத்தைந்தில் பாயிலிருந்து தானாக எழுவார். எழுபத்தைந்தில், ஏற்கெனவே தரையை விட்டவரைச் சேர்க்கும்போது அது தளர்வுக்கும் மனதுக்கும் உதவும், தொடைக்குப் பெரிதாக உதவாது. இன்னொன்று: பலம் கூட வேண்டுமென்றால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் பாரம் கூட வேண்டும். மனவளக்கலை வரிசையில் முதல் நாளும் நூறாவது நாளும் ஒன்றே. பிரஷர், கண் அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்கள் கபாலபதியை டாக்டரிடம் கேட்காமல் வேகமாகச் செய்ய வேண்டாம். தலையைக் கீழே தொங்கவிடும் ஆசனங்களும் அப்படித்தான்.

பிசியோதெரபி: ஆளைப் பொறுத்தது

வீட்டுக்கு வந்த முதல் பிசியோ ஒரு பெட்டியோடு வந்தார். முட்டியில் கரண்ட் வைத்தார், ஜெல் தடவி ஒரு கருவியைத் தேய்த்தார், ஒத்தடம் கொடுத்தார். ஒரு தடவைக்கு 500 ரூபாய், பத்து தடவை. வலி குறைந்தது, உண்மை. பத்தாவது நாள் மறுபடி நாற்காலியில் உட்கார வைத்து எண்ணினேன். ஏழு முருகா.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. முட்டி வலி என்று கூப்பிட்டோம், வலியைப் பார்த்தார். "பஸ்ஸில் ஏற வேண்டும்" என்று சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும். அடுத்து வந்த இளம்பெண்ணிடம் அப்படித்தான் சொன்னோம். அவர் பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை. வாசல்படியின் உயரத்தை அளந்தார், அம்மாவை ஏறச் சொன்னார், பார்த்துக்கொண்டே நின்றார். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் பிரஷர் பார்த்தார். மாத்திரையால் எழுந்ததும் பிரஷர் இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். அப்படி இறங்கினால் எந்தப் பயிற்சிக்கும் முன்னால் டாக்டரைப் பார்த்து மாத்திரையைச் சரி செய்ய வேண்டுமாம். அப்புறம் ஒரு தாளில் ஐந்து பயிற்சி எழுதிக் கொடுத்துவிட்டு, "இரண்டு வாரம் கழித்து வருகிறேன், அதுவரை நான் தேவையில்லை" என்றார். மொத்தம் நாலு தடவை வந்தார், 2,000 ரூபாய்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு இருப்பது பிறகுதான் தெரிந்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவாக்கியது. பிசியோ சில தடவை மட்டும் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பார். முதியவர் வாரம் மூன்று நாள் அரைமணி நேரம் கால் பலத்துக்கும் நிதானத்துக்கும் தானே பயிற்சி செய்வார், இடையில் இரண்டு நாள் நடப்பார். ஆய்வுகளில் விழுவது ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்தது. முதலில் செய்து பார்த்தது 80 வயதைத் தாண்டிய பெண்களிடம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

காசு இல்லை என்றால் வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. பக்கவாதம், படுக்கை என்று நடமாட்டம் குறைந்தவர்களுக்கு முதலில் கேட்க வேண்டிய இடம் அதுதான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் போதும். சென்னைக்காரர்களுக்கு கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. முதியோருக்கான உதவி எண் 14567-ல் கூப்பிட்டும் வழி கேட்கலாம்.

யூடியூப்

என் யோசனைதான், அதனால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தமிழிலேயே நாற்காலிப் பயிற்சி வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அம்மா திரையைப் பார்க்கக் குனிகிறார். அது வலது கை என்றால் இவர் இடது கை தூக்குகிறார். நடுவில் விளம்பரம் வந்ததும் உட்கார்ந்துவிடுகிறார். திரைக்குள் இருப்பவருக்கு அம்மா முட்டியை உள்ளே மடக்குவது தெரியாது. ஏற்கெனவே கற்றுக்கொண்டதை ஞாபகப்படுத்த ஆகும், புதிதாகக் கற்க ஆகாது.

கடைசியில் நாங்கள் செய்தது

தெப்பக்குளம் அப்படியே இருக்கட்டும், அதோடு வாரம் மூன்று நாள் நாற்காலி. இவ்வளவுதான் முடிவு. மனவளக்கலைக்கு சனிக்கிழமை மட்டும் போகிறார், சிநேகிதிகளுக்காக.

பிசியோ எழுதிக்கொடுத்த தாளில் இருந்தவை: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. அதே மேடையைப் பிடித்து ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குவது. சுவரோரமாக ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து நடப்பது. உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவது, கணுக்காலில் கொஞ்சம் எடை கட்டி.

எடைக்குத்தான் ஒரு சின்னத் தகராறு. மனைவி அரைக் கிலோ பாசிப்பயறைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்தார். "சாப்பிடுற பொருளைக் காலில கட்டுவாங்களாடி?" என்று அம்மா உதறிவிட்டார். பிறகு பழைய ஜாக்கெட் துணியில் மணல் நிரப்பித் தைத்தோம். அரைக் கிலோவில் தொடங்கி இப்போது ஒன்றேகால் கிலோ.

எழுந்து உட்காரும் பயிற்சிக்கு முதல் இரண்டு வாரம் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டினோம், தொடைக்குப் பாரம் குறையட்டும் என்று. பிறகு தலையணையை மடித்த பெட்ஷீட் ஆக்கினோம், பிறகு அதையும் எடுத்தோம். ஒரு செட்டுக்குப் பத்து தடவை, இரண்டு செட். முட்டியில் லேசாக வலி வந்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் காலையில் அது போய்விட்டதா என்று மட்டும் பாருங்கள் என்றார் பிசியோ. போகவில்லை என்றால் அடுத்த தடவை பாதி. நெஞ்சில் இறுக்கம், தலை கிறுகிறுப்பு, மூச்சுத் திணறல் என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம்.

நாள் தவறாமல் நடந்ததற்குக் காரணம் எங்கள் கண்டிப்பு இல்லை, குக்கர். சாதம் வைத்துவிட்டு மூன்று விசில் வரும்வரை அம்மா மேடைப் பக்கத்தில் சும்மா நிற்பார். அந்த நேரத்தில் குதிகால் பயிற்சியும் பக்கவாட்டுப் பயிற்சியும் முடிந்துவிடுகிறது. எழுந்து உட்காருவது சாயங்காலம், என் மகள் எண்ணுவாள். பாட்டி முருகா சொல்ல மறந்தால் அந்தத் தடவை கணக்கில் வராது என்பது அவள் போட்ட சட்டம்.

இந்த வயதில் தசை வளருமா என்று அண்ணனுக்குச் சந்தேகம். அவருக்கு நான் அனுப்பியது 1990-ல் பாஸ்டனிலிருந்து வெளியான ஒரு சின்ன ஆய்வு. முதியோர் இல்லத்தில் இருந்த, 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையில்தான் சொல்கின்றன. ட்ரெட்மில் பேச்சு அத்தோடு நின்றது.

சாப்பாட்டிலும் ஒரு மாற்றம். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்கிறார்கள். 60 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 60 கிராமுக்கு மேல். இரவு இரண்டு இட்லியும் சட்னியும் சாப்பிடும் அம்மா அதில் பாதியைத் தொட்டிருந்தால் அதிசயம். இப்போது காலையில் ஒரு முட்டை, சாயங்காலம் சுண்டல், மதியம் ஒரு கிண்ணம் தயிர் கூடுதல், வெள்ளிக்கிழமை முட்டைக்குப் பதில் பன்னீர். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

உங்கள் வீட்டில் யார் என்பதைப் பொறுத்து

அறுபதுகளில் இருக்கிறார், தரையில் உட்கார்ந்து எழுகிறார், தோட்டத்து வேலை பார்க்கிறார் என்றால் எதையும் மாற்றாதீர்கள். ஆசை இருந்தால் யோகா வகுப்பு சேர்க்கலாம். அவருக்கு வசதியாக டேபிளும் வேலைக்காரரும் ஏற்பாடு செய்து கெடுக்காமல் இருந்தால் போதும்.

கடந்த ஒரு வருடத்தில் இரண்டு தடவை விழுந்தவர் என்றால் பூங்காவும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். முதலில் டாக்டர், கண் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு மறுபார்வை. அப்புறம் பிசியோ, பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோ. பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி அதற்கும் முன்னால்.

வீட்டை விட்டு வெளியே வராத, யாரோடும் பேசாத அப்பாக்கள் ஒரு தனி ரகம். மனைவி போன பிறகு நிறையப் பேர் அப்படி ஆகிவிடுகிறார்கள். அவர்களிடம் தொடை பலத்தைப் பேசிப் பயனில்லை. டீக்கடை, நூலகம், கோயில், மன்றம் என்று எது அவரை வாசலைத் தாண்ட வைக்கிறதோ அதுதான் முதல் பயிற்சி. நாற்காலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முட்டி மிகவும் மோசமாகி நிற்கவே வலிக்கிறவருக்கு உட்கார்ந்து மிதிக்கும் பெடல், உட்கார்ந்து கால் நீட்டுவது இரண்டிலும் தொடங்கலாம்.

அம்மாவுக்கு இப்போது நாலு மாதம் முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை எண்ணினோம், பதினொன்று. மூன்று மீட்டர் நடை 11 விநாடி. தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம் சொல்லாமலேயே திருப்பரங்குன்றம் போய்விட்டு, பஞ்சாமிர்தத்தோடு வந்து நின்றார். ஏறும்போது யாரும் தூக்கவில்லையாம். "இறங்கறதுக்குத்தான் அந்தக் கண்டக்டர் தம்பி கை கொடுத்துச்சு" என்றார். படி ஏறுவதும் இறங்குவதும் தொடைக்கு வேறு வேறு வேலை என்றும், இறங்கும்போது உடம்பை மெதுவாகக் கீழே விடும் பலம் வேண்டும் என்றும் பிசியோ போனில் சொன்னார். வாசல்படியில் பக்கவாட்டாக நின்று, கம்பியைப் பிடித்து, ஒரு காலை மெல்ல இறக்கித் தரையைத் தொட்டு மறுபடி மேலே எடுக்கும் பயிற்சியைத் திங்கட்கிழமை சேர்த்தோம். இப்போதைக்கு ஒரு காலுக்கு ஐந்து.